ஐந்து நானோகிராமைத் தேடிய கொட்டாங்குச்சிக் கரி: குடிநீரில் என்டிஎம்ஏ, ஒரு நிகழ்வு ஆய்வு

என்டிஎம்ஏ என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலில் கேள்விப்பட்டது மருந்துக்கடை வழியாகத்தான். 2018-இல் இரத்த அழுத்த மாத்திரையான வால்சார்டனில், புற்றுநோய் வரவழைக்கக்கூடிய இந்த வேதிப்பொருள் கலந்திருப்பது தெரிந்து, உலகம் முழுக்க அட்டை அட்டையாகத் திரும்பப் பெற்றார்கள். 2020-இல் நெஞ்செரிச்சலுக்கு விழுங்கும் ரானிடிடின் மாத்திரையையும் இதே காரணத்துக்காக அமெரிக்கக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். மாத்திரைக் கதை அதோடு போகட்டும். அதற்கு இருபது வருடம் முன்பே இந்த மூலக்கூறு கலிஃபோர்னியாவின் குடிநீர்க் கிணறுகளில் மாட்டிக்கொண்டது. பின்னாளில் அதைப் பிடித்து அளக்கக் கைகொடுத்த பொருள் நமக்கு ரொம்பவே பழக்கமானது. கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுத்த கரி.

நீரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் மாசைக் கணக்கெடுக்க நுண்துளைக் கரி எப்படி உதவுகிறது என்று யாராவது கேட்டால், நான் எடுத்துச் சொல்வது இந்த நிகழ்வைத்தான். கரி எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்ற இரண்டையும் இதில் பார்க்கலாம்.

ராக்கெட் எரிபொருளும் ஒரு எண்ணும்

முழுப் பெயர் என்-நைட்ரோசோடைமெத்திலமின். மூலக்கூறு எடை 74, மஞ்சள் நிறத் திரவம். 1954-இல் பிரிட்டனில் ஜான் பார்ன்ஸ், பீட்டர் மேகி இருவரும் இது கல்லீரலைக் கெடுக்கும் என்று எழுதினார்கள். 1956-இல் அதே இருவர், எலிகளுக்கு இதைத் தின்னக் கொடுத்தால் கல்லீரலில் புற்றுக்கட்டி வருகிறது என்று காட்டினார்கள். யூடிஎம்ஹெச் எனப்படும் ராக்கெட் எரிபொருளைத் தயாரிக்கும் வழிகளில் ஒன்றில் என்டிஎம்ஏ இடைப்பொருளாக வரும். ராக்கெட் என்ஜின்களைச் சோதித்த இடங்களில் மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் இது இறங்கியது அப்படித்தான்.

1998-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ மாவட்டத்தில், ஏரோஜெட் நிறுவனத்தின் ராக்கெட் வளாகத்தை ஒட்டிய குடிநீர்க் கிணறுகளில் என்டிஎம்ஏ தென்பட்டது. மாநில சுகாதாரத் துறை அந்த ஏப்ரலில் ஒரு நடவடிக்கை அளவை அறிவித்தது: லிட்டருக்கு 2 நானோகிராம் (ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம்). அடுத்த ஆண்டு நவம்பரில் அதைத் தற்காலிகமாக 20 ஆக உயர்த்தினார்கள். 2002-இல் 10 ஆக இறக்கினார்கள். பிறகு 'அறிவிக்கை அளவு' என்று பெயர் மாறினாலும் எண் 10-லேயே நின்றது.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அரசாங்கத்துக்குக் குழப்பம் என்று சிரித்துவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் நியாயமான சிக்கல் ஒன்று இருந்தது. உடல்நலக் கணக்கு போட்டால் கிடைக்கும் எண், அன்றைய பெரும்பாலான ஆய்வகங்களின் கருவிக்குத் தெரியாத ஆழத்தில் கிடந்தது. பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற அளவுகோலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ கணக்கிட்டது லிட்டருக்கு 0.7 நானோகிராம். ஆய்வகத்தால் பார்க்க முடியாத எண்ணை வைத்துக்கொண்டு கிணற்றைத் திற, மூடு என்று யார் சொல்வது?

கடலில் கரைத்த பெருங்காயம் என்போமே, இது ஏறக்குறைய அந்த நிலைமைதான். லிட்டருக்கு 10 நானோகிராம் உள்ள நீரில் அரை லிட்டர் எடுத்தால் அதில் மொத்தமே 5 நானோகிராம் என்டிஎம்ஏ இருக்கும். எண்ணிக்கையில் பார்த்தால் சுமார் 40 லட்சம் கோடி மூலக்கூறுகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அதே பாட்டிலில் இலை, மண், சருகு அழுகி வந்த இயற்கைக் கரிமப் பொருள் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் இருப்பது சர்வ சாதாரணம். நாம் தேடும் பொருளைப் போல இரண்டு லட்சம் மடங்கு எடை அது.

தண்ணீரை விட்டு வர மறுக்கும் மூலக்கூறு

நீர் மாதிரியிலிருந்து கரிம மாசை வெளியே எடுக்கப் பழைய வழி, பிரிபுனலில் கரைப்பானை ஊற்றிக் குலுக்குவது. பூச்சிக்கொல்லிகளுக்கு அது பிரமாதமாக வேலை செய்யும். அவை தண்ணீரை வெறுப்பவை, கரைப்பானைக் கண்டதும் தாவிவிடும். என்டிஎம்ஏ அப்படியில்லை. தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். ஆக்டனால் என்ற எண்ணெய்த்தன்மை கொண்ட ஆல்கஹாலையும் தண்ணீரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், தண்ணீர்ப் பக்கம்தான் அதிகம் இருக்கும். அதனால் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானை வைத்து மணிக்கணக்கில், சில இடங்களில் ராத்திரி முழுக்க, தொடர்ச்சியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாதிரிக்கு நூற்றுக்கணக்கான மில்லி கரைப்பான் போய்விடும். பத்து மாதிரி வந்தால் அந்த வாரமே காலி.

அடுத்த வழி திடநிலைப் பிரித்தெடுப்பு. சிறு குழாயில் உறிஞ்சிப் பொருளை அடைத்து, அதன் வழியே நீரை ஓடவிட்டு, பிடிபட்டதைக் கொஞ்சம் கரைப்பானால் கழுவி எடுப்பது. இதில் எல்லோரும் முதலில் கைவைக்கும் சி-18 என்ற சிலிக்காத் தூளுக்கு என்டிஎம்ஏவைப் பிடிக்கவே தெரியாது. நீரோடு நீராக மறுபக்கம் போய்விடும்.

கரியின் பிடிமானம் வேறு வகை. கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 800 டிகிரிக்கு மேல் நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு கிராம் கரியின் உள்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும். பரப்பைவிட முக்கியம் துளையின் அகலம். மரக்கட்டைக் கரியில் பெரிய துளைகள் நிறைய. கொட்டாங்குச்சி இறுகிய பொருள் என்பதால் அதன் துளைகளில் பெரும்பகுதி இரண்டு நானோமீட்டருக்கும் குறுகலானவை. அரை நானோமீட்டர் அளவுள்ள என்டிஎம்ஏ அப்படி ஒரு சந்துக்குள் நுழைந்தால் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து இழுக்கும். திறந்த பரப்பில் ஒட்டுவதைவிட இந்தப் பிடி பல மடங்கு பலமானது. இலை அழுகி வந்த பெரிய மூலக்கூறுகளில் நிறைய அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாமல் வாசலில் நின்றுவிடும். முழுக்க நின்றுவிடாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் கைகொடுத்தது கொட்டாங்குச்சி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1989-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மிரா என்ற சிற்றூரின் குடிநீர்க் கிணறுகளில் என்டிஎம்ஏ இருப்பது தெரிந்து அவற்றை மூடினார்கள். அதன் பிறகு அந்த ஊருக்குத் தண்ணீர் வெளியிலிருந்து குழாயில் வருகிறது. ஒன்டாரியோவின் வரம்பு லிட்டருக்கு 9 நானோகிராம். அதை அளந்து பார்க்க அந்த மாகாணச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆய்வகம் 1990-களில் ஒரு நேர்த்தியான வழி கண்டது. பிளாஸ்டிக் மணிகளைச் சுட்டுச் செய்த ஆம்பர்சார்ப் 572 என்ற செயற்கைக் கரி மணிகளைக் கொஞ்சம் நீர் பாட்டிலிலேயே போட்டு உருட்டுவார்கள். பிறகு வடிகட்டி, உலர்த்தி, மணிகளைச் சின்னக் குப்பியில் போட்டு அரை மில்லி அளவுக்கு டைகுளோரோமீத்தேன் ஊற்றி, அப்படியே கருவியில் வைத்துவிடுவார்கள். குழாயும் இல்லை, ஆவியாக்கும் வேலையும் இல்லை. எனக்கு இந்த முறைமேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. புத்திசாலித்தனமான சோம்பேறித்தனம்.

இரண்டு கிராம் கரி, அரை லிட்டர் நீர்

அமெரிக்காவில் ஈபிஏ 2004 செப்டம்பரில் வெளியிட்ட முறை எண் 521 கொட்டாங்குச்சிக் கரியைத் தேர்ந்தெடுத்தது. என்டிஎம்ஏவும் அதன் உறவுக்கார மூலக்கூறுகளும் அடங்கிய நைட்ரோசமின் குடும்பத்தில் ஏழை, குடிநீரில் அளக்கும் முறை இது. கரியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலைக் காற்றில் கரைப்பான் ஆவியை அளக்கச் சட்டைக் காலரில் மாட்டும் கண்ணாடிக் குழாய்களில் இதே கரி பல காலமாக இருந்து வருகிறது. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிக்கும் கொட்டாங்குச்சி சேகரித்தார்கள். தென்னை விளையும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இன்றைக்கும் இந்தக் கரி கப்பலேறுகிறது. தேங்காய் துருவிய பிறகு நாம் அடுப்பில் போடும் ஓட்டுக்கு இப்படி ஒரு வாழ்வு.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். ஆறு மில்லி கொள்ளும் பிளாஸ்டிக் குழாய், ஊசி போடும் சிரிஞ்சைப் போல இருக்கும். அதற்குள் இரண்டு கிராம் கரித்தூள், ரவைக்கும் மாவுக்கும் நடுவிலான பருமன். முதலில் டைகுளோரோமீத்தேனால் கழுவி ஏற்கெனவே ஒட்டியிருக்கும் அழுக்கை வெளியேற்ற வேண்டும். பிறகு மெத்தனால், பிறகு நீர். இந்த வரிசை மாறக்கூடாது. கரிக்கும் நீருக்கும் ஒத்துப்போகாது, மெத்தனால்தான் நடுவில் நின்று அறிமுகம் செய்துவைக்கும். கரி காய்ந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் அரை லிட்டர் மாதிரியை நிமிடத்துக்குப் பத்து மில்லி வேகத்தில் இழுக்க வேண்டும். ஐம்பது நிமிடம் ஆகும். அவசரப்பட்டு வெற்றிடத்தைக் கூட்டினால் மூலக்கூறு துளை வாசலைத் தேடிப் போகும் முன்பே நீர் கீழே போய்விடும். நீர் முடிந்ததும் பத்து நிமிடம் காற்றை இழுத்துக் கரியை உலர்த்த வேண்டும். பிறகு 12 முதல் 15 மில்லி டைகுளோரோமீத்தேன் ஊற்றி, பிடிபட்டதை இறக்க வேண்டும்.

இந்த இறக்கும் கட்டத்தில்தான் எனக்குத் தெரிந்த பாதி ஆய்வகங்கள் வழுக்கி விழுகின்றன. கரி விடாக்கண்டன். பிடிப்பதில் அதற்கு நிகரில்லை, விடச் சொன்னால் முரண்டு பிடிக்கும். உலர்த்துவது சரியாக இல்லாவிட்டால் துளைக்குள் மிச்சமிருக்கும் நீர், டைகுளோரோமீத்தேனை உள்ளே விடாது. இரண்டும் கலக்காதவை. நான் பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் ஒரு ஆய்வகத்தில் வேலை பழகிய நாட்களில், மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் உலர்த்தும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். மறுநாள் குப்பிகளைப் பார்த்தால் மேலே மெல்லிய நீர்ப்படலம், கீழே கரைப்பான். கரியிலிருந்து திரும்பக் கிடைத்த அளவு பரிதாபம். ஆறு மாதிரியையும் திரும்பச் செய்ய நீர் மிச்சமில்லை. அன்றைக்குக் கற்ற பாடத்துக்கு எந்தப் புத்தகமும் ஈடில்லை.

இறக்கிய 15 மில்லியை ஒரு மில்லியாகச் சுண்டவைக்க வேண்டும். அடுப்பில் ரசம் சுண்டுவது போல விட்டுவிட்டுப் போக முடியாது. மெல்லிய நைட்ரஜன் காற்று, வெதுவெதுப்பான நீர்த்தொட்டி, கண் குப்பியிலேயே. என்டிஎம்ஏ ஆவியாகும் இனம், வற்றவிட்டால் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். ஒழுங்காக முடிந்தால் அரை லிட்டரில் இருந்தது ஒரு மில்லியில் நிற்கும், 500 மடங்கு செறிவு. அதிலிருந்து 20 மைக்ரோலிட்டரை, கலவையை ஆவியாக்கித் தனித்தனியாகப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் செலுத்தி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடையை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட 10 நானோகிராம் கணக்கில், கருவிக்குள் போவது 0.1 நானோகிராம்.

எவ்வளவு தொலைந்தது என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு சாட்சியை முன்கூட்டியே மாதிரியில் கலந்துவிடுவார்கள். என்டிஎம்ஏவிலேயே ஆறு ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை வைத்த பதிப்பு. வேதியியலில் அசல் இரட்டைப் பிறவி, எடையில் மட்டும் ஆறு அதிகம். கரியில் ஒட்டுவதும் விடுவதும் ஆவியாவதும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரட்டையில் பாதி தொலைந்திருந்தால் அசலிலும் பாதி போயிருக்கிறது என்று பொருள்.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் தொல்லைகள்

இந்த அளவில் வேலை செய்யும்போது தொலைவதைவிடப் பெரிய பயம், வெளியிலிருந்து வந்து சேர்வது. ரப்பரில் நைட்ரோசமின் உண்டு. கையுறை, அடைப்பான், குழாய் என்று எதில் ரப்பர் இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். இன்னும் வேடிக்கை, ஆய்வகத்தின் சுத்தமான நீர். அயனி நீக்கிய நீரைத் தயாரிக்கும் ரெசின்களில் ஒரு வகை அமின் தொகுதிகளைக் கொண்டது. அதிலிருந்தே என்டிஎம்ஏ கசியலாம். மாசு எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக ஓட்டும் பிளாங்க் மாதிரியில் மாசு தெரியும். உங்கள் கிணற்று நீரைவிட ஆய்வகத்தின் நீர் மோசம் என்று முடிவு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த நீரைப் புற ஊதா விளக்கில் காட்டிவிட்டுப் பயன்படுத்துவது ஒரு தீர்வு.

பாட்டிலும் சும்மா இருக்காது. மாதிரியில் குளோரின் மிச்சமிருந்தால், ஆய்வகத்துக்கு வரும் வழியிலேயே புதிதாக என்டிஎம்ஏ உருவாகிக்கொண்டிருக்கும். அதனால் எடுத்த கணமே சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் குளோரினை முறிக்க வேண்டும். வெயில் பட்டால் எதிர்த் திசையில் பிசகும், என்டிஎம்ஏ ஒளியில் உடையும். ஆக, பழுப்பு நிற பாட்டில், ஐஸ் பெட்டி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். அந்த ஒரு சோறு வழியிலேயே வெந்துகொண்டும் கெட்டுக்கொண்டும் வந்தால் பதம் பார்த்து என்ன பயன்?

அளக்கத் தெரிந்ததும் வெளிவந்தது

நிகழ்வின் திருப்பம் இனிமேல்தான். ராக்கெட் வளாகத்தின் பக்கத்தில் மட்டும் இருக்கும் என்று நினைத்த பொருள், ராக்கெட்டே பார்க்காத ஊர்களிலும் தெரியத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தில் 'வாட்டர் ஃபேக்டரி 21' என்ற நிலையம் 1976 முதல், சுத்திகரித்த கழிவுநீரை நிலத்துக்குள் செலுத்தி வந்தது. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுப்பதற்கான ஏற்பாடு. உலகமே வியந்து பார்த்த நிலையம். 2000-இல் அதன் நீரிலும் பக்கத்துக் கிணறுகளிலும் என்டிஎம்ஏ இருப்பது தெரிந்து, குடிநீர்க் கிணறுகளை நிறுத்தினார்கள். ஆர்ஓ சவ்வு இருக்கிறதே என்று கேட்கலாம். மின்னூட்டம் இல்லாத, ரொம்பச் சிறிய மூலக்கூறு என்பதால் கணிசமான பங்கு சவ்வைத் தாண்டிவிடும். உப்பை நிறுத்தும் சவ்வு இதை நிறுத்தவில்லை.

எங்கிருந்து வந்தது? 2002-இல் பெர்க்லியில் வில்லியம் மிட்ச், டேவிட் செட்லாக் இருவரும், தனியாக அயோவாவில் ரிச்சர்ட் வாலண்டைன் குழுவும் விடையை எழுதினார்கள். கிருமி நீக்கப் போடும் குளோரமினும், கழிவுநீரில் இருக்கும் டைமெத்திலமினும் சேர்ந்து யூடிஎம்ஹெச் உண்டாகிறது, அது ஆக்சிஜனேற்றம் அடைந்து என்டிஎம்ஏ ஆகிறது. யூடிஎம்ஹெச் என்றால் அதே ராக்கெட் எரிபொருள். ஆலையில் என்டிஎம்ஏவிலிருந்து எரிபொருள், தண்ணீர்த் தொட்டியில் எரிபொருளிலிருந்து என்டிஎம்ஏ. படத்தைத் தலைகீழாக ஓட்டியது போல. குளோரமின்களில் முக்கியக் குற்றவாளி டைகுளோரமின் என்று பின்னால் திருத்தினார்கள். கலங்கலைத் தெளியவைக்கப் போடும் சில பாலிமர்களும், சிறுநீர் வழியே வரும் ரானிடிடினும்கூட இந்த வினைக்கு மூலப்பொருள்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

ஆரஞ்சு மாவட்டம் ஆர்ஓவுக்குப் பின்னால் பலமான புற ஊதா விளக்குகளை வைத்தது. கிருமியைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு ஒளி. 2008 ஜனவரியில் அதன் இடத்தில் வந்த புதிய நிலையம், நாளொன்றுக்கு 7 கோடி கேலன் கொள்ளளவோடு, அதே ஏற்பாட்டில் ஓடத் தொடங்கியது.

அப்படியானால் கரியையே போட்டிருக்கலாமே?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி, நியாயமானதும்கூட. ஆய்வகத்தில் கடைசி நானோகிராம் வரை பிடிக்கும் கரி, சுத்திகரிப்பு நிலையத்தில் என்டிஎம்ஏவைப் பிடிப்பதில் சோடை போகிறது. கரித்தொட்டி மற்ற மாசுகளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே என்டிஎம்ஏ மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும்.

விடை ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. முறை 521-இல் அரை லிட்டருக்கு இரண்டு கிராம், அதாவது கரி ஒரு கிராமுக்குக் கால் லிட்டர் நீர். நிலையத்தில் ஒரு லிட்டர் கரிப்படுகை சுமாராக அரைக் கிலோ இருக்கும். அது தன் கொள்ளளவைப் போலப் பத்தாயிரம் மடங்கு நீரைப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 20 லிட்டர். எண்பது மடங்கு சுமை. அத்தனை நீரில் வரும் இலைச்சாறு முழுக்கத் துளை வாசல்களை அடைத்துக்கொண்டே போகும். உள்ளே பலவீனமாக ஒட்டியிருக்கும் என்டிஎம்ஏவை, பலமாக ஒட்டும் மற்ற மூலக்கூறுகள் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். ஆய்வகத்துக் கரிக்கு இந்தத் தொந்தரவு முற்றும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: நிலையத்தில் இடைஞ்சலாக இருக்கும் அந்தச் சுமாரான பிடிதான் ஆய்வகத்தில் உதவி. அதைவிட இறுக்கமாகப் பிடித்தால் டைகுளோரோமீத்தேனால் இறக்க முடியாது.

அந்த இறுக்கம் எங்கே பாதிக்கும் என்பதற்கு உதாரணம் என்-நைட்ரோசோடைஃபினைலமின். இரண்டு பென்சீன் வளையங்கள் கொண்ட பெரிய மூலக்கூறு. கரிச்சுவரில் அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும், லேசில் வராது. வந்தாலும் கேஸ் குரோமட்டோகிராஃபின் சூட்டில் உடைந்துவிடும். முறை 521-இன் ஏழு பேரில் அது இல்லை. பெரியதையும் சிறியதையும் சேர்த்துப் பிடிக்க நினைத்தவர்கள் இரண்டு உறிஞ்சிகளைச் சேர்த்தார்கள். முன்னால் பாலிமர், பின்னால் கரி. பெரியவை பாலிமரிலேயே தங்கிவிடும், அதைத் தாண்டி வரும் என்டிஎம்ஏவுக்குக் கரி வலை விரித்திருக்கும். வரிசையை மாற்றி வைத்தால் எல்லாம் கரியில் ஏறிவிடும், பாலிமருக்கு வேலையே இருக்காது.

2008 முதல் 2010 வரை, அமெரிக்காவின் குடிநீர் வழங்கும் அமைப்புகளில் ஈபிஏ நடத்திய நாடு தழுவிய கண்காணிப்புக்கு இந்தக் கரிக்குழாய்களைத்தான் பயன்படுத்தினார்கள். அறிக்கை தர வேண்டிய கீழ்வரம்பு லிட்டருக்கு 2 நானோகிராம், 1998-இல் எட்டாதிருந்த அதே எண். வந்த மாதிரிகளில் சுமார் பத்தில் ஒன்றில் என்டிஎம்ஏ தென்பட்டது, பெரும்பாலும் குளோரமின் போடும் ஊர்களில். மற்ற நைட்ரோசமின்கள் அபூர்வம். கனடா 2011-இல் நாட்டளவில் லிட்டருக்கு 40 நானோகிராம் என்று வைத்தது, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 100. கலிஃபோர்னியாவில் 10, ஒன்டாரியோவில் 9. ஒரே மூலக்கூறுக்கு இத்தனை எண்கள். அமெரிக்க மத்திய அரசு குடிநீரில் இதற்குக் கட்டாய வரம்பு எதையும் வைக்கவில்லை.